பச்சை வால் மாட்டின் பால்

பால்பண்ணைக்காரன் பெவன் ஹாலிவெல்லுக்கு ஞானம் பிறந்தது எல்தம் ஊர் மண்டபத்தில், இலவசமாகக் கொடுத்த சாசேஜ் ரோலை வாயில் திணித்துக்கொண்டிருந்தபோது. மேடையில் பேசியவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். எதற்கு டாக்டர் என்று கேட்கும் கெட்ட பழக்கம் எங்கள் தரனாக்கிப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது.

அவர் சொன்னது இதுதான். மாட்டுப் பாலில் பீட்டா கேசீன் என்றொரு புரதம் இருக்கிறது. அதில் ஏ1, ஏ2 என்று இரண்டு வகை. மணிமாலை போல நீளமாகக் கோத்த அந்தப் புரதத்தில் ஒரே ஒரு மணிதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு மணியால் ஏ1 பால் வயிற்றுக்குள் போனதும் வேண்டாத துண்டு ஒன்று உடைந்து விழுகிறதாம். சர்க்கரை வியாதி, மாரடைப்பு, மூட்டுவலி, பிள்ளைகளின் முரட்டுத்தனம், எல்லாமே அந்தத் துண்டின் திருவிளையாடல். ஏ2 பாலோ சாது. எந்த மாடு எந்த வகை என்று தெரிந்துகொள்ள வாலிலிருந்து நாலு முடியைப் பிடுங்கி அனுப்பினால் போதும். அதற்குப் பணம் கட்ட மேடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டு, சிரித்த முகமாக ஒரு பெண்ணையும் உட்கார வைத்திருந்தார்கள்.

மற்றவர்கள் மாரடைப்பைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். பெவன் எழுந்து வாயுவைப் பற்றிக் கேட்டான்.

"அதுவும்தான்," என்றார் டாக்டர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி நோலீன் அப்போதே கார் சாவியைத் தேடினாள். பெவனின் வாயு ஊரறிந்த சங்கதி. சொந்தத் தகப்பனின் அடக்கத்தின்போது பாதிரியார் "ஒரு நிமிடம் மௌனம்" என்று சொன்ன பிறகு நடந்தது இன்றைக்கும் ரக்பி மைதானத்தில் பேசப்படுகிறது. இத்தனை காலமாக அந்த வயிற்றோடு மல்லுக்கட்டியவனுக்கு, குற்றவாளி வேறு யாரோ என்று ஒருவர் சொன்னால் விடுவானா?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காருக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டான்.

"கேட்டியா நோலீன்? என் மேல தப்பே இல்ல. இத்தனை வருஷமா நம்ம மாடுங்கதான் எனக்கு விஷம் வச்சிருக்கு."

"மத்தியானம் பெட்ரோல் பங்க்ல ரெண்டு மீட் பை தின்னியே, அதுக்கும் மாடுதான் பொறுப்பா?"

"மீட் பையில பால் எங்க இருக்கு?"

"உள்ள சீஸ் இருந்துச்சே. சீஸை எதுல பண்றாங்க, தேங்காயிலயா?"

"சீஸ் ஆகும்போது அந்தத் துண்டு செத்துடும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? யோசிச்சா தெரியுது," என்றான் பெவன். அவன் யோசித்தால் அப்படித்தான், சாட்சி தேவைப்படாது.

மாட்டு வைத்தியரிடம் நோலீன் கேட்டாள். "சில பேருக்கு ஏ2 குடிச்சா வயிறு லேசா இருக்குன்னு ஒண்ணு ரெண்டு ஆராய்ச்சி சொல்லுது. இருக்கலாம். மத்த வியாதியெல்லாம் யாரும் இன்னும் நிரூபிக்கல," என்றார் அவர். அதை வந்து சொன்னதும் பெவன், "அந்த ஆளைப் பால் கம்பெனிக்காரன் நல்லா கவனிச்சிருப்பான்," என்று ஒரே போடாகப் போட்டான். பாவம், அந்த வைத்தியர் ஓட்டிக்கொண்டிருந்த காரைப் பார்த்தால் அவரை யாருமே கவனித்த மாதிரி தெரியாது.

வால் முடிகள் போயின, முடிவுகள் வந்தன. மந்தையில் ஏறக்குறைய பாதி நல்லவை, பாதி கெட்டவை. பெவன் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய், ஏ2 மாடுகளுக்கு வால் முளைக்கும் இடத்தில் பச்சையும், ஏ1 மாடுகளுக்குச் சிவப்பும் பட்டையாகப் பூசினான். வீட்டுக்குக் குடிக்கும் பாலை இனிமேல் பச்சை வால் மாட்டிலிருந்துதான் கறக்க வேண்டும். சிவப்பு வால்களில் இளசுகளைக் கடற்கரைப் பக்கம் ஒருவனுக்கு விற்றுவிடுவது, கிழடுகளை அடிமாட்டு லாரியில் ஏற்றுவது என்று முடிவாயிற்று.

ஏன் வாலில் பூச வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். கறப்பவர்கள் நிற்பது பள்ளத்தில். மாடுகள் இரண்டு பக்கமும் மேடையில் வரிசையாகப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். முகம் தெரியாது, காதில் மாட்டிய எண் தெரியாது. எங்கள் வாழ்க்கையில் பாதி மாடுகளின் பின்புறத்தைப் பார்ப்பதிலேயே கழிகிறது. அது தலைக்கு மேலேயே இருப்பதால் ஒரு ஆபத்தும் உண்டு. சாணி போட மாடு வால் தூக்குவதைப் பார்த்தால் பார்த்தவர் "வால்!" என்று கத்த வேண்டும், அடுத்தவர் சட்டென்று விலக வேண்டும். நோலீனும் பெவனும் கல்யாணமான நாளிலிருந்து ஒருவருக்கொருவர் அப்படிக் கத்தியிருக்கிறார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன சண்டை நாட்களில்கூட "வால்!" மட்டும் நின்றதில்லை.

சிவப்புப் பட்டை வாங்கிய கிழடுகளில் ஒன்று டோரிஸ். அம்மா வழியிலும் ஏ1, அப்பா வழியிலும் ஏ1, கலப்படமில்லாத பாவி.

டோரிஸ் என்றால் நோலீனுக்கு உயிர். ஆலங்கட்டியும் பனியும் கலந்து கொட்டிய எங்கள் குளிர்காலமான ஆகஸ்டில் ஒரு காலையில், சேற்றில் மூச்சில்லாமல் கிடந்த கன்று அது. "செத்துப்போச்சு, விடு," என்று பெவன் நகர்ந்துவிட்டான். நோலீன் விடவில்லை. அதன் மூக்கில் வாய் வைத்து ஊதினாள், வைக்கோலால் தேய்த்தாள், வீட்டுக்குத் தூக்கி வந்து துணி துவைக்கும் அறையில் ஹீட்டர் பக்கத்தில் போட்டாள். எழுந்து நின்றதும் கன்று முதல் வேலையாக பெவனின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைச் சப்பித் தின்றது. இப்போது அதுதான் மந்தைக்குத் தலைவி. கேட்டைத் திறந்தால் டோரிஸ் முன்னால் நடப்பாள், மற்றவை பின்னால் வரும். கொட்டகையில் முதல் இடம் அவளுக்குத்தான். வேறொரு மாடு தெரியாமல் அங்கே போய் நின்றால் முட்டித் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை.

இந்த நேரம் பார்த்து டனீடனில் மகளுக்குப் பிரசவம். நோலீன் போய்த்தான் ஆக வேண்டும்.

"நான் திரும்பி வர்றதுக்குள்ள டோரிஸ் மேல கை வச்சே, நான் அப்படியே அங்கயே இருந்துக்குவேன். நீயும் உன் வயிறுமா குடும்பம் நடத்துங்க," என்றாள்.

"நீ வர்ற வரைக்கும் தொட மாட்டேன். சத்தியமா."

பெவன் சொன்ன சொல் தவறாதவன். நவம்பர் முழுக்க டோரிஸைத் தொடவில்லை. டிசம்பரில் நோலீனை அழைத்து வர விமான நிலையத்துக்கு வந்தவன், பெட்டியைக் காரில் வைத்த கையோடு சொன்னான், அடிமாட்டு லாரி நாளைக்குக் காலையில் வருகிறது என்று.

நோலீன் கேட்டதையே நம்பாமல் பார்த்தாள். பேரனின் போட்டோவைக் காட்டுவதற்காகக் கையில் எடுத்த போன் அப்படியே நின்றது.

"கோவப்படாத. என்னைப் பாரு முதல்ல," என்றான் பெவன். பெல்ட்டைத் தட்டிக் காட்டினான். "ரெண்டு ஓட்டை உள்ள போயிருக்கு. ஆறு வாரமா பச்சை வால் பால்தான். ஒரு சத்தம் இல்ல, ஒரு நாத்தம் இல்ல. சர்ச்சுல முன் வரிசையில உட்கார்றேன், தெரியுமா? முழங்கால் வலி போயிடுச்சு. முடிகூட லேசா முளைக்குது, தொட்டுப் பாரு."

"டோரிஸ் என் மாடு, பெவ்."

"ஒரு மாடு போதும் நோலீன், தொட்டிப் பால் முழுக்கக் கெட்டுடும். விஷம்னு தெரிஞ்சும் ஊருக்கு ஊத்தச் சொல்றியா?"

"இத்தனை வருஷமா ஊத்தினோமே, எந்த ஊர் செத்துச்சு?"

"அதான் யாருக்கும் தெரியாம மெல்ல மெல்ல கொல்லுதே!"

நோலீன் வழியெல்லாம் அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் முகத்தில் துளி கெட்ட எண்ணம் கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல். வயிறு லேசான மனிதனின் சந்தோஷம் அவன் முகமெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.  தரனாக்கி மலை அன்றைக்கு மேகமில்லாமல் முழுசாகத் தெரிந்தது. அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் யாரும் அந்தச் சாலையில் போக மாட்டார்கள். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை டோரிஸைக் கடைசியாகத் தன் கையால் கறக்கலாம் என்று நோலீன் கொட்டகைக்குப் போனாள். அவள் இல்லாத நாட்களில் கறவை பார்த்தது பக்கத்துப் பண்ணை ஷோனா. பெவன் பொழுதெல்லாம் டிராக்டரில் புல் அறுத்துக்கொண்டிருந்ததால் கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மாடுகளின் முகத்தைவிட டிராக்டர்களின் முகம்தான் அவனுக்கு எப்போதும் பிடிக்கும்.

பள்ளத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். வரிசையில் ஒரு வால் பாக்கியில்லாமல் எல்லாம் பச்சை. முதல் இடத்தில் டோரிஸ். அந்த மடியை நோலீன் கண்ணைக் கட்டிவிட்டாலும் அடையாளம் சொல்வாள். அவள் வாலிலும் பளிச்சென்று பச்சை.

"ஷோனா, என்னடி இது? டோரிஸுக்குச் சிவப்புல்ல அடிச்சிருந்தோம்?"

"சிவப்புதான் இருந்துச்சு. சினை ஊசி போட்டாச்சு, பச்சை அடிச்சேன்," என்றாள் ஷோனா, காம்பைத் துடைத்துக்கொண்டே. "எல்லாத்துக்கும் முன்னாடி, நான் வந்த அன்னைக்கே பருவத்துக்கு வந்தவ உன் டோரிஸ்தான். இந்த வயசுல என்ன ஆசை பாரு. பெயிண்ட் அழிஞ்ச மாட்டையெல்லாம் வீரேமுகிட்ட விட்டேன், ஊசி போட்டான், பச்சை அடிச்சேன். எப்பவும் பண்றதுதானே?"

நோலீன் மெல்லத் தகரத் தடுப்பில் சாய்ந்தாள். ஆமாம், எப்போதும் செய்வதுதான். ஒரு மாடு பருவத்துக்கு வந்தால் மற்றவை அதன் மேல் ஏறும், வாலில் பூசிய பெயிண்ட் தேய்ந்து அழியும். அழிந்த மாட்டைப் பிரித்து சினை ஊசிக்காரன் வீரேமுவிடம் விடுவார்கள். ஊசி போடாதது சிவப்பு, போட்டது பச்சை. தரனாக்கியில் பால் கறக்கிற எவளுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்த கணக்கு இது. ஞானம் பிறந்த வேகத்தில் பெவன் மட்டும் அதை மறந்துவிட்டான். மாடுகள் பருவத்துக்கு வரும் வசந்த காலத்தில் வாலில் பச்சையும் சிவப்பும் பூசி வைத்தால், பார்க்கிறவர்கள் புரதத்தையா நினைப்பார்கள்?

"வீட்டுப் பாலுக்கு பெவன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"பச்சை வால்ல கறந்து கேன்ல வைன்னான். ஊசி போட்ட மாட்டுப் பால்தான் வேணும்ங்கிறானே, ஆம்பளைக்கு ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்கிட்டேன். எதுக்குக் கேட்கணும்? என் வீட்டுக்காரன் தயிரைத் தலையில தேய்க்கிறான், அதையும் நான் கேட்கல."

"எந்த மாட்டுல கறந்தே?"

"முதல்ல நிக்கிற பச்சை. நித்தம் இவதான்," என்று ஷோனா டோரிஸின் தொடையில் தட்டினாள். "ஏன்டி, பால் கெட்டுப்போச்சா? ஆனா உன் வீட்டுக்காரன் நல்லா ஆயிட்டானே. ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறான். உன் சமையல் ஆறு வாரம் இல்லாததால இருக்கும்னு நான்தான் சொன்னேன், மன்னிச்சுக்க."

நோலீனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. பள்ளத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், பிறகு எழுந்து டோரிஸின் பாலைக் கேனில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

லாரி ஏற்கெனவே வாசலில் நின்றது. அடிமாட்டு லாரிக்காரன் டூகல் சமையலறை மேசையில் தேநீரும் பிஸ்கட்டுமாக இருந்தான். பெவன் அவனிடம் வயிற்றின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். டூகல் போகிற வருகிற பண்ணைகளிலெல்லாம் பேசுகிறவன். அவன் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் கடற்கரை வரைக்கும் போய்விடும்.

நோலீன் பெரிய டம்ளரில் பாலை ஊற்றி பெவன் முன்னால் வைத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்தான்.

"இதுதான் டூகல், மருந்து. இனிமே எனக்கு டாக்டரே வேண்டாம்."

"அவ்வளவு நல்ல பாலா?" என்றாள் நோலீன், இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டே.

"நல்ல பாலாவா? இதைக் கொடுத்த மாட்டுக்கு நான் சிலை வைக்கணும்."

"அந்த மாட்டை எப்பவாவது லாரியில ஏத்துவியா, பெவ்?"

"ஏத்துறதா! என் பொணத்தைத் தாண்டித்தான் ஏத்தணும். கிழடாகி, பல்லு போயி, என் புல்லைத் தின்னுக்கிட்டுத் தானா சாகற வரைக்கும் இங்கதான். டூகல், நீதான் சாட்சி."

"நான் சாட்சி," என்றான் டூகல், பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டே.

"நல்லது," என்றாள் நோலீன். "அது டோரிஸ் பால். நீ ஆறு வாரமா குடிச்சதும் டோரிஸ் பால்தான்."

பெவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பச்சைப் பெயிண்டையும் சினை ஊசியையும் ஷோனாவையும் நிதானமாக, ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் கை டம்ளரை விட்டு வயிற்றுக்குப் போயிற்று. டூகல்கூட பிஸ்கட் மெல்லுவதை நிறுத்தினான். அந்த அமைதியில், ஆறு வாரமாக வாய் திறக்காத பெவனின் வயிறு நீளமாக ஒரு ராகம் இழுத்தது. பெவன் எழுந்து ஓடினான்.

"சுத்தமான ஏ1," என்றான் டூகல், மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி.

கழிப்பறைக்குள் பெவன் நெடுநேரம் இருந்தான். நோலீன் காத்திருந்தாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தோற்றுப்போன ஆம்பளை வெளியே வந்து என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? வீம்புக்காகவே மாட்டை ஏற்றிவிடுகிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். டோரிஸின் உயிர் அந்தக் கதவுக்குப் பின்னால் கால்சட்டையை இறக்கிக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. பெவன் முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது.

"லேப்காரன் முடியை மாத்திட்டான்," என்றான்.

"என்னது?"

"டோரிஸ் ஏ2. இல்லாட்டி என் வயிறு எப்படி ஆறு வாரம் சும்மா இருக்கும்? வயிறு பொய் சொல்லாது நோலீன். லேப்ல எவனோ அரைத்தூக்கத்துல வேற மாட்டு முடியை இவ பேர்ல போட்டிருக்கான். டூகல், நீ கிளம்பு. ஒரு மாடும் வராது. அந்தச் சோதனையையே இனி நம்ப முடியாது. கடற்கரைக்காரன்கிட்டயும் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே, அது?" என்றான் டூகல்.

"அது பிஸ்கட்டு," என்றான் பெவன்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள டோரிஸின் முடியை மறுபடியும் அனுப்பினான். கிறிஸ்துமஸ் முடிந்து சோதனைக்கூடத்துப் பெண் போன் செய்தாள். பெவன் கூடத்தில் எடுத்தான். அதே நேரத்தில் மாடியில் இருந்த இன்னொரு போனை நோலீன் எடுத்துவிட்டாள், எடுத்தவள் வைக்கவில்லை. முன்பு வந்த அதே முடிவுதான், இரண்டு பக்கமும் ஏ1, சந்தேகமே இல்லை என்றாள் அந்தப் பெண்.  "அப்படியா. ரொம்ப நன்றி," என்று பெவன் வைத்துவிட்டான்.

நோலீன் போனை ஓசையில்லாமல் வைத்தாள். இறங்கி வந்தாள்.

"யாரு போன்ல?"

"லேப்," என்றான் பெவன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். மேட்டில் டோரிஸ் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். "தப்பு அவங்க பேர்லதானாம். ஏ2-ன்னு சொல்லிட்டாங்க. மன்னிப்புகூடக் கேட்டாங்க."

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன பொய்களிலேயே உருப்படியான பொய் அதுதான். அதற்காக அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது நோலீனுக்கு. ஆனால் கட்டிப்பிடித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், அதனால் தேநீருக்குக் கெட்டிலைப் போட்டாள்.

அன்று சாயங்காலம் பெவன் தானாகவே கேனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பள்ளத்தில் இறங்கி, முதல் இடத்தில் நின்ற டோரிஸின் பின்னால் போய் நின்றான். அவள் தொடையைத் தடவிக்கொடுத்தான். நோலீன் இரண்டு மாடு தள்ளி நின்று காம்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி கண்ணு," என்றான் பெவன் டோரிஸிடம். "மொத்த ஊரும் உன்னை விஷம்னுச்சு. நோலீன்கூட ஒரு வார்த்தை உனக்காகப் பேசல. நான் ஒருத்தன்தான் உன்னை நம்பினேன்."

டோரிஸின் வால் மெல்ல அசைந்தது. பிறகு நிதானமாக மேலே எழுந்தது.

நோலீன் பார்த்தாள். பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்தது. திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

சத்தம் ஓய்ந்ததும் பெவன் கண்ணை வழித்துக்கொண்டு கத்தினான். "நோலீன்! நீ அங்கதானே நிக்கிற? சொல்லக் கூடாதா?"

"நான் பார்க்கல, பெவ்," என்றாள் நோலீன், அடுத்த மடிக்கு நகர்ந்துகொண்டே.